சித்திரை வெயிலில் பின்வளவு விருந்து: சோறு போடுவதா, கையில் எடுத்துச் சாப்பிடுவதா?

மாமரத்தடி (தெஹிவளை)

வருசப்பிறப்புக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுப் பின்வளவில் சொந்தக்காரர், அயலவர், மகனின் பள்ளிக்கூட நண்பர்கள் என்று 35 பேர் சேருகிறோம். ஒரு மாமரம், அதற்குக் கீழே இரண்டு நீள மேசை, பக்கத்து வீட்டில் இரவல் வாங்கும் கதிரைகள், அவ்வளவுதான் ஏற்பாடு. என்ன சாப்பாடு கொடுப்பது என்று வீட்டில் ஒரு கிழமையாக வாக்குவாதம். புரியாணி ஓடர் பண்ணுவோம் என்று கணவர் நிற்கிறார். எனக்குப் பயம்.

போன வருசம் கோழி பிரைட் ரைஸ் ஓடர் பண்ணினோம். 11 மணிக்கே கொண்டு வந்து தந்துவிட்டார்கள், ஆட்கள் பிந்தி வந்ததால் 2 மணிக்குத்தான் பரிமாறினோம். மூடியைத் திறந்தபோது ஆவி பறக்கவில்லை, மூடியின் உட்பக்கம் முழுக்க நீர் முத்து முத்தாக நின்றது, அது எனக்கு இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. மணம் நன்றாகத்தான் இருந்தது. அன்று பொழுதுபடுவதற்குள் நாலு பிள்ளைகள் வாந்தி, என் தங்கையின் மகளுக்கு சேலைன் ஏற்ற வேண்டி வந்தது.

அதனால் கேட்கிறேன். எல்லாருக்கும் பிடிக்க வேண்டும், வெயிலில் கெடக்கூடாது, சமைக்கிற நானும் ஒரு கதிரையில் இருந்து சாப்பிட வேண்டும். 6 பேர் சைவம், 3 முஸ்லிம் குடும்பங்கள் வருகிறார்கள்.

கொட்டாஞ்சேனைக்காரன்

தங்கச்சி, பிள்ளைகளுக்கு நடந்தது பெரிய வேதனைதான். ஆனால் அதற்காகச் சோற்றையே விருந்தில் இருந்து எடுத்துவிடாதீர்கள். நீர்கொழும்பில் இருந்தும் வத்தளையில் இருந்தும் பஸ் ஏறி வருகிற பெரியவர்களுக்கு ரோல்ஸும் வடையும் கொடுத்து அனுப்பினால் அவர்கள் வீட்டுக்குப் போய் உலை வைப்பார்கள். எங்கள் வீட்டில் அப்படி ஒருமுறை நடந்தது, என் பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் போகும்போது பேக்கரியில் பாண் வாங்கிக்கொண்டு போனதை நானே பார்த்தேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

புரியாணியில் உள்ள வசதியை யோசியுங்கள். ஒரு கிலோ அரிசி 8, 9 பேருக்குக் காணும், 35 பேருக்கு 4 கிலோ. ஹலால் சமையற்காரரிடம் கொடுத்தால் முஸ்லிம் குடும்பங்கள் மனம் கோணாமல் சாப்பிடுவார்கள், மற்ற எல்லாருக்கும் அதுவே சரி. சைவக்காரருக்குத் தனியாக ஒரு சின்னச் சட்டி. பிள்ளைகளைச் சஹன் என்ற பெரிய பொதுத் தட்டைச் சுற்றி ஆறு ஆறு பேராக இருத்தினால் அவர்கள் சாப்பிடுகிற சந்தோசத்தைப் பார்க்கவே போதும். ஒரு கறி, ஒரு சம்பல், ஒரு அச்சாறு, வேலை முடிந்தது.

வெள்ளவத்தை அக்கா

தம்பி சொல்வதில் ஒன்று மட்டும் சரி, வந்தவர் பசியோடு போகக்கூடாது. மற்றதெல்லாம் சித்திரை மாதத்துக்குப் பொருந்தாத கதை.

முதலாவது, வருசப்பிறப்புக் கிழமையில் கொழும்பில் யார் சமைத்துத் தருவார்கள்? சமையற்காரரில் பாதிப்பேர் ஊருக்குப் போயிருப்பார்கள், 13ஆம் 14ஆம் திகதிகளில் பேக்கரி கூடப் பூட்டு, அடுத்த ஞாயிறு வரைக்கும் ஆட்கள் முழுதாகத் திரும்பியிருக்க மாட்டார்கள். கிடைக்கிற ஒருத்தர் நாலு வீட்டு ஓடரை விடியவே சமைத்து அடுக்கி வைப்பார், உங்களுக்கு வருவது காலையில் வெந்த சோறு. போன வருசம் உங்களுக்கு வந்ததும் அப்படித்தான் இருந்திருக்கும்.

இரண்டாவது, வெயில். ஏப்ரல் 5க்கும் 15க்கும் இடையில் சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் நிற்கிறது, மத்தியானம் உங்கள் நிழல் உங்கள் காலடியிலேயே விழும். கூடவே கடற்காற்றின் புழுக்கம். அந்த நேரத்தில் நெய் மிதக்கும் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு மாமரத்துக்குக் கீழே யார் இருந்து கதைப்பார்கள்? எல்லாரும் மின்விசிறியைத் தேடி வீட்டுக்குள் போவார்கள். பிறகு பின்வளவில் விருந்து என்று ஏன் வைக்கிறோம்?

நான் 20 வருசமாகச் செய்வது இதுதான். அடிப்படை முழுவதும் சைவம். கொண்டைக்கடலை 2 கிலோவை முதல்நாள் இரவே ஊறப் போட்டு, காலையில் அவித்து, கடுகு, செத்தல் மிளகாய், கறிவேப்பிலை தாளித்து வைப்பேன். தேங்காய்ச் சொட்டை மட்டும் பரிமாறும்போதுதான் போடுவேன், முதலே போட்டால் புளிக்கும். மரவள்ளி அவித்து (மூடாமல் அவிக்க வேண்டும், எங்கள் அம்மா மூடியைத் தொடவே விடமாட்டார்) கட்டைச் சம்பலோடு. ரோல்ஸ் முதல்நாளே பாண் தூள் பிரட்டி ஃபிரீசரில் வைத்து, ஆட்கள் வர வரப் பதினைந்து பதினைந்தாகப் பொரிப்பது. வத்தகப்பழமும் அன்னாசியும் வெட்டி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி. மாமிசம் வேண்டுமென்றால் மேலதிகமாக ஒரு கோழிப் பிரட்டல். சைவம் அடிப்படையாக இருந்தால் யாரையும் ஒதுக்கி இருத்தத் தேவையில்லை, எல்லாரும் ஒரே மேசையில் கை வைப்பார்கள்.

கரித்தணல் (கல்கிசை)

அக்கா, ரோல்ஸ் பொரிக்கிறவர் சமையலறைக்குள் தாச்சிக்கு முன்னால் நிற்கப் போகிறார், அப்புறம் மாமரத்தடி அவர்கள் கேட்ட கதிரை எங்கே? வெளியில் சுடுவோம். சிரட்டைக் கரி, பாதியாக வெட்டிய பீப்பாயில் ஒரு கம்பி வலை. ஹலால் கடையில் எலும்போடு தொடைத்துண்டு வாங்கி, தயிர், உள்ளி, மிளகுத்தூள், தேசிக்காய் போட்டு இரவே ஊற வைத்தால் காலையில் வேலை இல்லை. கரி மேல் சாம்பல் படரும் வரை பொறுத்து, பிறகுதான் இறைச்சியைப் போட வேண்டும், தீ எரியும்போது போட்டால் வெளியில் கருகி உள்ளே இரத்தம் நிற்கும். சைவத்துக்கு வேறாக ஒரு வலை, சோளம் பொத்தியும் அன்னாசித் துண்டும். சமைக்கிறவனும் ஆட்களோடு நின்று கதைக்கலாம், அதுதான் இதில் பெரிய விசயம்.

வெள்ளவத்தை அக்கா

கணக்குப் போட்டுப் பாருங்கள் தம்பி. உங்கள் வலையில் ஒரு தரத்துக்கு 12 தொடைத்துண்டு வைக்கலாம் என்று வைப்போம். எலும்போடு உள்ள துண்டுக்கு அரை மணித்தியாலம் வேண்டும். சைவக்காரரை விட்டுவிட்டாலும் கிட்டத்தட்ட 30 பேர், ஆளுக்கு 2 துண்டு, 60 துண்டு, ஐந்து தரம். முதல் தரம் 12.30க்கு வலையில் ஏறினால் கடைசி ஆள் சாப்பிட 3 மணி. சித்திரையில் 3 மணிக்குப் பிறகு வானம் கறுத்து இடி மழை கொட்டுவது கொழும்பில் எல்லாருக்கும் தெரிந்தது. கரியையும் இறைச்சியையும் தூக்கிக்கொண்டு எங்கே ஓடுவீர்கள்?

இரவே ஊற வைப்பது, வெட்டுவது, சம்பல் இடிப்பது, எண்ணெய் பிடித்த வலையைத் தேய்ப்பது, இதெல்லாம் யார் செய்வது என்பதையும் சொல்லிவிடுங்கள். இலேசான சமையல் என்றால் யாருக்கு இலேசு? ரோல்ஸ் பொரிப்பதும் கடினம்தான், ஆனால் காஸ் அடுப்பை வெளியில் எடுத்து வைத்துப் பத்து நிமிசத்துக்கு ஒருவர் மாறி மாறிப் பொரிக்கலாம். எங்கள் வீட்டில் ஆண்பிள்ளைகள்தான் பொரிக்கிறார்கள்.

பனங்கூடல்

நான் இடையில் வருகிறேன், குறை நினைக்க வேண்டாம். எல்லாரும் மத்தியானத்தையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். மழை விட்டு நிலம் குளிர்ந்த பிறகு, 5.30 மணிபோல, ஒடியல் (காயவைத்த பனங்கிழங்கு) கூழ் காய்ச்சுங்கள். ஒரே பானை. நண்டு, இறால், கணவாய், மீன் தலை, பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, முருங்கையிலை, பழப்புளி, அரைத்த செத்தல் மிளகாய். ஒடியல் மாவை முதலே தண்ணீரில் ஊறவிட்டு மேல் தண்ணீரை வடித்தால் கசப்பு இறங்கும். மாவைக் கடைசியில் கரைத்து ஊற்றியதும் அந்தப் பானை கட்டியாகிக் கொதிக்கிற சத்தம், குமிழ் ஒவ்வொன்றும் வெடிக்கிற விதம், அதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தெரியும். கொழும்பில் பிறந்த என் பிள்ளைகளுக்கு நான் வருசத்துக்கு ஒருதரமாவது அதைக் காட்டுகிறேன். சிரட்டையில் ஊற்றிக் கொடுத்தால் தட்டும் தேவையில்லை, 2023 ஒக்டோபருக்குப் பிறகு பிளாஸ்டிக் தட்டும் கரண்டியும் தடைதானே.

கொட்டாஞ்சேனைக்காரன்

கூழ் எனக்கும் உயிர் அண்ணா. ஆனால் 6 பேர் சைவம் என்று அவர் எழுதியிருக்கிறார், நண்டுப் பானையை நடுவில் வைத்துவிட்டு அவர்களுக்கு என்ன சொல்வது? மகனின் நண்பர்கள் ஒடியல் மணத்துக்கே எழும்பிப் போய்விடுவார்கள். அது வீட்டு ஆட்கள் பத்துப் பேர் சுற்றி இருந்து குடிப்பது.

தராசு

வைத்தியசாலைச் சமையலறை ஒன்றில் பல வருசம் உணவுக் கட்டுப்பாடு பார்த்தவள் நான். போன வருசம் என்ன நடந்திருக்கலாம் என்பதைச் சொல்லாமல் இந்தத் தர்க்கம் முடியாது.

சோற்றில் பசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் இருக்கும். அரிசி வெந்தாலும் அவை சாகாது. சோறு இளஞ்சூட்டில் கிடக்கும்போது முளைத்துப் பெருகி நஞ்சைச் சுரக்கும். அந்த நஞ்சு சூட்டுக்கு அழியாது, ஆகவே திரும்பச் சூடாக்கினாலும் பயனில்லை. மணமும் மாறாது. சாப்பிட்டு அரை மணித்தியாலத்தில் இருந்து 6 மணித்தியாலத்துக்குள் வாந்தி. 2 மணிக்குச் சாப்பிட்டுப் பொழுதுபட முதல் வாந்தி என்பது இதோடு ஒத்துப்போகிறது, உறுதியாகச் சொல்லச் சோதித்திருக்க வேண்டும்.

5 பாகை செல்சியசுக்கும் 60 பாகைக்கும் இடையில் சமைத்த சாப்பாடு 2 மணித்தியாலத்துக்கு மேல் இருக்கக்கூடாது, வெளிச்சூடு 32 பாகையைத் தாண்டினால் ஒரு மணித்தியாலம். சித்திரையில் மாமரத்துக்குக் கீழே அந்த ஒரு மணித்தியாலக் கணக்குத்தான் பாதுகாப்பு. இது அக்காவின் சாப்பாட்டுக்கும் பொருந்தும். அவித்த கடலையும் மரவள்ளியும் சைவம் என்பதற்காகக் கெடாமல் இருக்காது, ஒரே தடவையில் மேசைக்கு வரக்கூடாது, பாதியைப் பிரிட்ஜில் வைத்துப் பிறகு எடுங்கள். தேங்காய்ச் சம்பலும் அப்படித்தான். கோழி உள்ளே 74 பாகைக்கு வேக வேண்டும். மீன் கடை ஐஸை வத்தகப்பழத் தட்டுக்குக் கீழே பரப்பலாம், குடிக்கிற தண்ணிக்குள் போடக் கூடாது.

பாதுகாப்பை மட்டும் பார்த்தால் பனங்கூடல் அண்ணாவின் கொதிக்கும் பானைக்குத்தான் முதலிடம்.

கொட்டாஞ்சேனைக்காரன்

அப்படியென்றால் சோற்றில் பிழை இல்லை, காத்திருந்ததில்தான் பிழை. நான் கடைக்கு ஓடர் பண்ணச் சொன்னது தவறு, அதை ஒத்துக்கொள்கிறேன். வளவிலேயே ஒரு சட்டியில் தம் போட்டு, ஆட்கள் வந்து கதிரையில் இருந்த பிறகு மூடியைத் திறந்தால்? அந்த மணத்துக்கு வீட்டுக்குள் இருப்பவர்களும் வெளியில் வருவார்கள்.

வெள்ளவத்தை அக்கா

தம் போட்டால் ஒருவர் காலையில் இருந்து அடுப்போடு நிற்க வேண்டும். நான் இன்னும் சம்மதிக்கவில்லை. ஆனால் கடலையைப் பாதி பாதியாக எடுக்கச் சொன்னது எனக்குப் புதிது, இனி அப்படியே செய்வேன்.

மாமரத்தடி (தெஹிவளை)

எல்லாரும் எழுதியதைக் கணவருக்கும் வாசித்துக் காட்டினேன். முடிவு இப்படி: ஆட்களை 10.30க்கே வரச் சொல்கிறோம், மழைக்கு முன் முடிக்க. வந்தவுடன் தேசிக்காய்த் தண்ணி, செவ்விளநீர் அந்தந்த நேரம் வெட்டி. 11 மணிக்குச் சுண்டல் முதல் பாதி, மரவள்ளி, பழம். ரோல்ஸ் பொரிப்பது மகனும் அவன் நண்பர்களும். 12.30க்கு ஒரே ஒரு சோறு, வளவிலேயே சமைத்த மரக்கறிப் புரியாணி 3 கிலோ அரிசியில், சைவமும் முஸ்லிமும் ஒரே சட்டியில் எடுக்கலாம். கோழிப் பிரட்டல் பக்கத்தில், ஹலால் கடைக் கோழி. தம் போடுவது கணவர், காலை 9 மணியில் இருந்து அடுப்படியில் அவர்தான் நிற்பார் என்று இங்கேயே எழுதி வைக்கிறேன்.

கூழ் இந்த முறை இல்லை பனங்கூடல் அண்ணா. மழை விட்ட பிறகு மிஞ்சியிருக்கும் வீட்டு ஆட்களுக்கு ஒரு சின்னப் பானை வைக்கலாமா என்று யோசிக்கிறேன். நல்ல ஒடியல் மா வெள்ளவத்தையில் எங்கே கிடைக்கும்?

பனங்கூடல்

கடையில் தேட வேண்டாம். இந்தக் கிழமை ஊரில் இருந்து வருகிறது, 1 கிலோ உங்களுக்கு எடுத்து வைக்கிறேன்.