புதியவர்களுக்கு எம்பெடட் லினக்ஸ் பில்டும் டெப்ளாயும் சொல்லிக்கொடுக்க எங்கிருந்து தொடங்குவது?

கோவை_கன்ட்ரோலர்

வணக்கம். நூற்பாலை இயந்திரங்களுக்கு கன்ட்ரோலர் செய்யும் சின்ன நிறுவனத்தில் இருக்கிறேன். குழுவில் ஆறு பேர். எல்லோரும் எஸ்டிஎம்32 மைக்ரோகன்ட்ரோலர், ஃப்ரீஆர்டாஸ் என்ற சின்ன இயங்குதளம் என்று வேலை பார்த்தவர்கள், சி நன்றாக வரும். அடுத்த தயாரிப்பில் தொடுதிரை, நெட்வொர்க் எல்லாம் இருப்பதால் லினக்ஸுக்குப் போகிறோம்.

போன மாதம் பணம் கட்டி மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பினோம். முதல் நாள் காலையிலேயே யோக்டோ, அதாவது போர்டுக்கான லினக்ஸ் இமேஜைக் கட்டித் தரும் கருவித் தொகுப்பு. பில்டை ஓடவிட்டு, அது முடிகிற வரைக்கும் ஸ்லைடு. மாலையில் இமேஜ் வந்தது, போர்டும் பூட் ஆனது, ஆனால் உள்ளே என்ன நடந்தது என்று ஆறு பேரில் ஒருவராலும் சொல்ல முடியவில்லை. திரும்பி வந்ததும் ஒரு டிரைவரைச் சேர்க்கச் சொன்னேன், எந்த ஃபைலைத் திறப்பது என்றே தெரியாமல் நின்றார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

இந்த முறை நானே நடத்தலாம் என்றிருக்கிறேன். இரண்டு மாத அவகாசம், பீகிள்போன் பிளாக் போர்டு ஆறு இருக்கிறது. எந்த வரிசையில் போகலாம்?

யுபூட்_பித்தன்

முதல் இரண்டு வாரம் யோக்டோ என்ற பெயரையே எடுக்காதீர்கள். ஆளுக்கு ஒரு சீரியல் கேபிள் கொடுங்கள், 3.3 வோல்ட் கேபிள்தான், 5 வோல்ட் கேபிளை மாட்டினால் போர்டு கெட்டுப்போகும் வாய்ப்பு உண்டு. 115200-ல் கன்சோலைத் திறந்து, பவர் போட்டதிலிருந்து லாகின் வரைக்கும் வரும் ஒவ்வொரு வரியையும் யார் எழுதுகிறார்கள் என்று பிரித்துச் சொல்லவையுங்கள். சிப்புக்குள் நிரந்தரமாக இருக்கும் ரோம் (ROM) கோடு ஏன் நேராக கெர்னலை, அதாவது லினக்ஸின் மையப் பகுதியை, ஏற்றவில்லை, நடுவில் எம்எல்ஓ என்று ஒரு ஃபைல் ஏன்? அந்த நேரத்தில் போர்டின் முக்கிய நினைவகமான டிடிஆர் இன்னும் தயாராகவில்லை, சிப்புக்குள் இருக்கும் சிறிய எஸ்ராம் நினைவகத்தில் அடங்குகிற அளவுக்குத்தான் ஏற்ற முடியும், அந்தச் சின்ன நிரல் டிடிஆரை எழுப்பிய பிறகுதான் கெர்னலை ஏற்றும் பூட்லோடரான முழு யு-பூட் வரும். மைக்ரோகன்ட்ரோலரில் ஸ்டார்ட்அப் கோடு எழுதிய உங்கள் ஆட்களுக்கு இது ஐந்து நிமிடத்தில் பிடிபடும், அங்கிருந்து தொடங்கினால் லினக்ஸ் அந்நியமாகத் தெரியாது.

அப்புறம் கெர்னலைக் கையால் கிராஸ் கம்பைல் (தங்கள் கணினியிலேயே போர்டின் சிப்புக்காகக் கம்பைல்) செய்யச் சொல்லுங்கள். ரூட் ஃபைல்சிஸ்டம் (நிரல்களும் ஃபைல்களும் இருக்கும் இடம்) இல்லாமலே பூட் செய்யட்டும், கெர்னல் மேலே போக முடியாமல் நிற்கும் கெர்னல் பேனிக் வரட்டும். அதைப் பார்த்த பிறகு அடிப்படைக் கட்டளைகளை ஒரே நிரலில் தரும் பிஸிபாக்ஸை ஸ்டாடிக்காக, வேறு லைப்ரரி தேவைப்படாதபடி, கட்டி, நாலைந்து டைரக்டரி உருவாக்கி, என்எஃப்எஸ் வழியாக, அதாவது நெட்வொர்க்கில் கணினியிலிருந்தே, ரூட்டை மவுன்ட் செய்தால் ஷெல் பிராம்ப்ட் வரும். தன் கையால் கட்டிய சிஸ்டத்தில் அந்த பிராம்ப்ட் வருவதைப் பார்த்தவர்கள் அதன் பிறகு இமேஜைப் பார்த்துப் பயப்படுவதில்லை, இதை நான் பல பேட்சில் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது வாரம் பில்ட்ரூட், யோக்டோவைவிட எளிமையான இமேஜ் கட்டும் கருவி. மெனுகான்ஃபிக் என்ற மெனுவில் வேண்டியதைத் தேர்வு செய்து மேக் கொடுத்தால் நல்ல கணினியில் சின்ன இமேஜ் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். கையால் செய்ததையே இது தானாகச் செய்கிறது என்று அவர்களுக்கே புரியும். பூட்லின் நிறுவனத்தின் பயிற்சிப் பாடங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன, ஆய்வகப் பயிற்சிகளோடு. அதை முதுகெலும்பாக வைத்துக்கொள்ளலாம்.

லேயர்_மேல்_லேயர்

மேலே அண்ணா சொன்ன வரிசை சரி, ஆனால் பில்ட்ரூட்டோடு நிறுத்திவிடாதீர்கள். ஒரே தயாரிப்பு என்றால் அது போதும். நாளை மூன்று மாடல், இரண்டு வேறு சிப் என்று போனால் போர்டு, அப்ளிகேஷன் என்று அமைப்புகளைத் தனித்தனி லேயர்களாகப் பிரித்து வைக்கும் யோக்டோதான் காப்பாற்றும். பில்ட்ரூட்டில் கான்ஃபிக் மாற்றினால் பலமுறை முழுவதையும் அழித்துவிட்டுக் கட்ட வேண்டியிருக்கும்.

நான் ஐந்து வருடமாகப் புதியவர்களுக்கு யோக்டோ சொல்லிக்கொடுக்கிறேன். பாதிப் பேர் விட்டுவிட்டுப் போவது காத்திருப்பதால். டவுன்லோடு டைரக்டரியையும், ஏற்கனவே கட்டியதைச் சேமித்து வைக்கும் எஸ்ஸ்டேட் கேஷையும் ஒரு சர்வரில் பொதுவாக வைத்து, வகுப்புக்கு முந்தின நாளே ஒருமுறை முழுதாகக் கட்டி நிரப்பிவிடுங்கள், மறுநாள் எல்லோருக்கும் மீதி வேலை நிமிடக்கணக்கில் முடியும். யோக்டோவின் ஸ்கார்த்கேப் பதிப்பு, அதாவது 5.0, எடுத்தால் அதன் ஆவணமே 140 ஜிபி காலி இடம் வேண்டும் என்கிறது, அதையும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். அது 2024 ஏப்ரலில் வந்த எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவுப் பதிப்பு), நான்கு வருட ஆதரவு உண்டு.

ரெசிபி (ஒரு மென்பொருளை எப்படிக் கட்டுவது என்று சொல்லும் ஃபைல்) எழுதுவதைவிட, உடைந்த ரெசிபியைச் சரிசெய்ய வைப்பதில்தான் கற்றல் நடக்கிறது. நான் வேண்டுமென்றே லைசென்ஸ் செக்சம்மைத் தவறாக வைப்பேன், டிபெண்ட்ஸ் என்ற தேவைப் பட்டியலில் ஒன்றை எடுத்துவிடுவேன், ரெசிபியோடு மாற்றங்களைச் சேர்க்கும் ஒரு பிபிஅப்பெண்ட் ஃபைலின் பெயரில் பதிப்பு எண்ணை மாற்றிவிடுவேன். காம்பைல் லாகைத் தேடித் திறக்கவும், யோக்டோவின் பில்ட் கட்டளையான பிட்பேக்குக்கு ஹைஃபன்-ஈ (bitbake -e) கொடுத்து ஒரு வேரியபிளின் மதிப்பு எந்த ஃபைலிலிருந்து வந்தது என்று பார்க்கவும் பழகிவிட்டால் மீதியை அவர்களே படித்துக்கொள்வார்கள். பழைய வலைப்பதிவுகளை நம்பி நகலெடுப்பவர்களை மட்டும் கவனியுங்கள். 2021-ல் ஓவர்ரைடு (குறிப்பிட்ட நிலைமைக்கு வேரியபிளின் மதிப்பை மாற்றுவது) எழுதும் முறை அண்டர்ஸ்கோரிலிருந்து கோலனுக்கு மாறிவிட்டது, பழையபடி எழுதினால் சில இடத்தில் பிழை காட்டும், சில இடத்தில் பேசாமல் விட்டுவிடும். ஒரு நாள் முழுக்க அதில் போகும்.

கோவை_கன்ட்ரோலர்

இருவருக்கும் மிக்க நன்றி. ஹைஃபன்-ஈ விஷயம் எனக்கே தெரியாது மேடம். இன்னொரு கேள்வி: டெப்ளாய்? எங்கள் கருவிகள் மில்லுக்குள் இருக்கும், அப்டேட் ஓடும்போது கரண்ட் போகாது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

களத்தில்_நிற்பவன்

இதைக் கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள், நான்காவது வாரத்திலேயே தொடங்குங்கள். ரூட் பார்ட்டிஷன் இரண்டு, ஏ ஓடும்போது பி-யில் எழுதுவது, தரவுக்குத் தனி பார்ட்டிஷன், ரூட் ரீட்-ஒன்லி. ராக், எஸ்டபிள்யூஅப்டேட், மெண்டர் என்ற அப்டேட் கருவிகள் மூன்றில் எதுவானாலும் கொள்கை இதுதான். யு-பூட்டின் அமைப்பு மதிப்புகள் இருக்கும் என்விரான்மென்ட்டையும் இரண்டு பிரதியாக வையுங்கள், அதை எழுதும் நொடியில் கரண்ட் போனாலும் ஒரு பிரதி மிஞ்சும்.

நாங்கள் ஒரு தவறு செய்தோம். யு-பூட்டில் பூட்கவுன்ட் (எத்தனை முறை பூட் ஆக முயன்றது என்ற எண்ணிக்கை) வைத்து, குறிப்பிட்ட தடவைக்கு மேல் போனால் பழைய பார்ட்டிஷனுக்குத் திரும்பும்படி அமைத்திருந்தோம். ஆனால் லினக்ஸ் எழுந்ததுமே கவுன்டை பூஜ்யமாக்கும் ஸ்கிரிப்ட்டை ஓடவிட்டோம். புதிய பதிப்பில் எங்கள் அப்ளிகேஷன்தான் எழவில்லை, லினக்ஸ் நன்றாகவே எழுந்தது. அதனால் ஒவ்வொரு முறையும் கவுன்ட் பூஜ்யமாகி, எந்தக் கருவியும் பழைய பதிப்புக்குத் திரும்பவில்லை. பதினோரு இடத்துக்கு நேரில் போய் கார்டு மாற்றினோம். அப்ளிகேஷன் எழுந்து, சென்சாரிடம் பேசி, நெட்வொர்க்கும் கிடைத்த பிறகுதான் கவுன்டைத் தொட வேண்டும்.

பயிற்சியில் இதை எழுதிக் காட்டிப் பயனில்லை. அப்டேட்டை ஓடவிட்டு பிளக்கைப் பிடுங்கச் சொல்லுங்கள், பத்து சதவீதத்தில், பாதியில், கடைசி நொடியில் என்று ஆளுக்கு இருபது முறை. எந்த முறை எழவில்லையோ அதற்குக் காரணம் கண்டுபிடிக்கும் வரை அடுத்த பாடம் கிடையாது. இன்னொன்று, அப்டேட்டில் கையெழுத்திடும் பிரைவேட் கீயை, கோடு வைக்கும் கிட் (git) ரெபாசிட்டரியில் போட்டுவிடாமல் முதல் நாளே பழக்கப்படுத்துங்கள்.

கோவை_கன்ட்ரோலர்

பிளக் பிடுங்கும் பயிற்சிக்கு இரண்டு முழு நாள் ஒதுக்கிவிட்டேன். திங்கட்கிழமை சீரியல் கேபிளோடு தொடங்குகிறோம். போர்டில் ஜே1 என்று ஆறு பின் இருக்கிறதே, அதில் எதை எதோடு மாட்டுவது?

யுபூட்_பித்தன்

1 கிரவுண்ட். 4 போர்டின் ஆர்எக்ஸ் (பெறும் பின்), அதில் கேபிளின் டிஎக்ஸ் (அனுப்பும் வயர்). 5 போர்டின் டிஎக்ஸ், அதில் கேபிளின் ஆர்எக்ஸ். மீதியைத் தொடவேண்டாம். எஸ்டி கார்டிலிருந்து பூட் ஆக வேண்டும் என்றால் எஸ்2 பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே பவர் கொடுங்கள், ரீசெட் பட்டனை மட்டும் அழுத்தினால் அது வேலை செய்யாது.