லண்டன் – டோக்கியோ: என் கணக்கில் பதினொரு மணி நேரம்கூட இல்லை, டிக்கெட்டில் 14 மணி நேரம். எது சரி?

கேள்வி:
ஜூலையில் அம்மா தனியாக லண்டனிலிருந்து டோக்கியோ போகிறார். நேரடி விமானம். ஹீத்ரோவில் காலை 9:30க்குக் கிளம்பி, மறுநாள் காலை 7:30க்கு ஹனேடாவில் இறங்குகிறது. தூரம் சுமார் 9,600 கி.மீ. மணிக்கு 900 கி.மீ. வேகம் என்று வைத்தால் பத்தே முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிட வேண்டும். ஊர் நேரங்களைக் கழித்து, 9 மணி நேர வித்தியாசத்தையும் எடுத்தால் 13 வருகிறது. டிக்கெட்டில் 14 என்று இருக்கிறது. அம்மா 12 மணி நேரத்துக்கு ஒருமுறை மாத்திரை போடுபவர். அதனால்தான் சரியான நேரம் தெரிய வேண்டும்.

பதில் 1:
14தான் சரி. 9 மணி நேர வித்தியாசம் குளிர்காலத்துக்கு மட்டும். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை பிரிட்டனில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பார்கள். ஜப்பானில் அந்த வழக்கம் இல்லை. ஆகவே ஜூலையில் வித்தியாசம் 8 மணி நேரம்தான். 22இல் 8 போக 14.

பதில் 2:
தூரக் கணக்கு இடிப்பதற்குக் காரணம் வேறு. 9,600 கி.மீ. என்பது பூமி உருண்டையின் மேல் மிகக் குறுகிய கோடு. அது ஸ்காண்டிநேவியாவைத் தாண்டி ரஷ்யாவின் சைபீரியா வழியாகப் போகிறது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கி, ரஷ்ய வான்வெளியில் பறக்க முடியாமல் போன பிறகு பிரிட்டிஷ், ஜப்பானிய விமானங்கள் அந்த வழியில் போவதில்லை. துருக்கி, காகசஸ், மத்திய ஆசியா, சீனா என்று தெற்கே வளைந்து போகின்றன. அதற்கு முன்பு 12 மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தார்கள். பனிப்போர்க் காலத்தில் இன்னும் மோசம். சோவியத் வான்வெளி பெரும்பாலும் மூடியிருந்ததால், பல விமானங்கள் அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கி எரிபொருள் போட்டுக்கொண்டு போயின.

இன்னொன்று, டிக்கெட் நேரம் வாயிலிலிருந்து வாயில் வரைக்குமானது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது எல்லாம் அதில் அடக்கம். 900 கி.மீ. வேகம் நடுவானத்தில் மட்டும்தான்.

கேள்வி கேட்டவர்:
நன்றி! திரும்பி வரும்போதும் இதே 14 மணி நேரம்தானா?

பதில் 2:
அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். ஜப்பானுக்கு மேலே மேற்கிலிருந்து வீசும் ஜெட் காற்று பலமானது. அதை எதிர்க்காமல், பல விமானங்கள் வடகிழக்கே திரும்பி அலாஸ்கா, வட கனடா, கிரீன்லாந்து பக்கமாக வருகின்றன. திரும்பும் டிக்கெட்டில் போட்டிருக்கும் மொத்த நேரத்தையே நம்புங்கள்.

பதில் 1:
மாத்திரைக்கு எளிய வழி: அம்மாவின் கைக்கடிகாரத்தைப் பயணம் முடியும்வரை லண்டன் நேரத்திலேயே விட்டுவிடுங்கள். காலை 8 மணிக்குப் போட்டால் அடுத்தது இரவு 8. அப்போது டோக்கியோவில் விடிகாலை 4. இறங்க இன்னும் மூன்றரை மணி நேரம் இருக்கும், விமானத்திலேயே போட்டுக்கொள்ளலாம். அதற்கடுத்த வேளை டோக்கியோவில் மாலை 4 மணிக்கு வரும். அங்கே போனபின் நேரத்தை மாற்றுவதென்றால் கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேளுங்கள். மாத்திரையைக் கைப்பையில் வையுங்கள், செக்-இன் பெட்டியில் போட்டுவிட வேண்டாம்.