‘காற்றழுத்தத் தானோட்டி’ பொருந்துமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

பழைய சிறு விமானங்களில் உள்ள, காற்றின் விசையால் இயங்கி விமானியின் வேலையைக் குறைக்கும் நியூமாட்டிக் ஆட்டோபைலட்டுக்குக் ‘காற்றழுத்தத் தானோட்டி’ என்ற பெயர் முன்மொழியப்பட்டிருக்கிறது. அதன் இரு பகுதிகளிலும் எனக்கு உடன்பாடில்லை.

1965 முதல் மூனி என்ற நிறுவனத்தின் சிறு விமானங்களில் வழக்கமாகப் பொருத்தப்பட்ட, பிரிட்டெயின் நிறுவனத்தின் ‘பாசிட்டிவ் கண்ட்ரோல்’ அமைப்பை எடுத்துக்கொள்வோம். எஞ்சினால் ஓடும் பம்பு குழாய்களிலிருந்து காற்றை இடைவிடாமல் இழுத்துக்கொண்டிருக்கும். சாய்த்துப் பொருத்தப்பட்ட ஜைரோ (வேகமாகச் சுழலும் சக்கரம் கொண்ட உணர்கருவி), விமானம் ஒருக்களிப்பதையும் அதன் மூக்கு திரும்புவதையும் ஒருங்கே உணர்ந்து, தன்னோடு இணைந்த வால்வைச் சற்றே நகர்த்தும். உடனே ஒரு பக்கக் குழாயில் உறிஞ்சல் கூடி, அதன் முனையிலுள்ள ரப்பர் உறை சுருங்கி, இறக்கையோர மடல்களை அசைத்து, தாழ்ந்த இறக்கையை மேலே கொண்டுவரும்.

ஆக, இங்கே எதுவும் அழுத்தித் தள்ளப்படவில்லை. ‘காற்றழுத்தம்’ என்றால் லாரி பிரேக்கைப் போல அடைத்த காற்றையே வாசகர் நினைப்பார். ‘வெற்றிடம்’ என்பதும் மிகைதான். இத்தகைய கருவிகளில் உறிஞ்சல் ஏறத்தாழ 5 அங்குலப் பாதரச அளவே. கடல்மட்டக் காற்றழுத்தமோ 29.92 அங்குலம். ஆறில் ஒரு பங்கு குறைவதை வெற்றிடம் என்று எப்படிச் சொல்வது? ‘குறையழுத்தம்’ என்பதே சரியான சொல். சுருங்கி இழுக்கும் அந்த ரப்பர் உறையைக் ‘குறையழுத்தத் துருத்தி’ எனலாம். கொல்லன் துருத்தி ஊதும், இது உறிஞ்சப்படும். வடிவமும் மடிப்பும் ஒன்றே என்பதால் சொல் உறுத்தவில்லை. (‘உறிதுருத்தி’ என்று சுருக்கிப் பார்த்தேன், வெண்ணெய்ப் பானைதான் கண்முன் தொங்கியது.)

‘தானோட்டி’ இன்னும் சிக்கலானது. அடிப்படை அமைப்புக்கு உயரமும் தெரியாது, போகவேண்டிய திசையும் தெரியாது; இறக்கைகளை மட்டமாக வைப்பது மட்டுமே அதன் வேலை. புறநானூற்றின் ‘வலவன் ஏவா வான ஊர்தி’யை (ஓட்டுபவர் செலுத்தாத வான ஊர்தி) இங்கே கொண்டுவருவதும் பொருந்தாது. ஆளில்லா விமானத்துக்கு அது அழகாக அமையும். இங்கோ வலவன் உட்கார்ந்திருக்கிறார், விமானத்தைத் திருப்ப விரும்பும்போதெல்லாம் கைப்பிடியிலுள்ள பொத்தானைக் கட்டைவிரலால் அமுக்கி அமைப்பை முடக்குகிறார். விரல் வலித்து, பொத்தான்மேல் ரப்பர் வளையத்தை மாட்டிவிட்டவர்களும் உண்டு.

எனவே ‘குறையழுத்த இறக்கைச் சமன்காப்பி’ என்பதை முன்வைக்கிறேன். ‘சமனி’ என்று குறுக்கலாமே எனக் கேட்கலாம். ஒலித்துறையில் ஈக்குவலைசருக்கு அச்சொல் ஏற்கெனவே புழங்குவதால் தவிர்த்தேன். ‘காப்பி’ என்றதும் குடிக்கும் காப்பி நினைவுக்கு வருமென்றால், ‘சமன்காவி’யையும் ஏற்பேன்.