புதுப்பிப்பு: ராக்கெட் ஏவுதளச் சாமான்களை டிரெய்லரில் ஏற்றும் முறை

முன்பு எழுப்பிய கேள்வி: ஏவு ரெயில்கள் (ராக்கெட் நேராக மேலேற வழிகாட்டும் நீளத் தண்டுகள்), இரும்புத் தாங்கிகள், தீத்தடுப்புத் தகடுகள், பேட்டரிகள் எல்லாம் ஒரே டிரெய்லரில் போகும்போது, வேகம் கூடினால் பின்பக்கம் ஏன் ஆடுகிறது?

காரணம் எடைப் பங்கீடு. மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு இணைப்புக் கொக்கியின் மேல் விழ வேண்டும்; 600 கிலோ என்றால் 60–90 கிலோ. குறைந்தால் டிரெய்லர் அலையும். மிஞ்சினால் இழுக்கும் வண்டியின் முன்சக்கரப் பிடி தளரும். தகடுகளையும் தாங்கிகளையும் சக்கர அச்சுக்குச் சற்று முன்னால், தாழ்வாக வையுங்கள். ஏற்றி முடித்ததும் கொக்கி முனையை எடைக்கருவியில் வைத்துப் பாருங்கள். கண்ணளவை நம்பவே வேண்டாம்.

அலுமினிய ரெயில்தான் எனக்குப் பெரிய கவலை. இரு முனையில் மட்டும் தாங்கினால் குலுக்கலில் வளையும். அதன் காடி சற்று நசுங்கினாலே ராக்கெட்டின் ரெயில் பட்டன் (காடிக்குள் வழுக்கிச் செல்லும் சிறு குமிழ்) சிக்கிக்கொள்ளும். மூன்று இடத்தில் மரக்கட்டை கொடுங்கள். ராட்செட் பட்டை (நெம்பி இறுக்கும் கட்டுப்பட்டை) அந்தக் கட்டைக்கு நேர்மேலே வரட்டும். இடைவெளியில் இறுக்கினால் பட்டையே ரெயிலை வளைத்துவிடும்.

லெட் ஆசிட் பேட்டரி நிமிர்ந்து, முனைகள் மூடி, தனிப்பெட்டியில். பேட்டரியோடு இக்னைட்டர் (ராக்கெட் மோட்டாரை மின்சாரத்தால் பற்றவைக்கும் திரி) போகவே கூடாது.

புறப்பட்டு 20 கிலோமீட்டருக்குள் நிறுத்திப் பட்டைகளை மறுபடி இறுக்குங்கள். சாமான் படிந்து அவை தளர்ந்திருக்கும்.