அடியில் 1942 என்றிருக்கும் பித்தளைக் கோது எந்தத் துவக்கினது?

கல்லடிப் பொடியன்:
அம்மப்பாவின் பெட்டிக்குள் ஒரு பித்தளைக் கோது கிடந்தது. ரவையும் இல்லை, மருந்தும் இல்லை, வெறும் கோதுதான். அடியில் கே என்ற ஆங்கில எழுத்து, 1942, பிறகு ரோமன் ஏழு. அடி விளிம்பு வெளியே தள்ளிக்கொண்டு நிற்கிறது. எந்தத் துவக்கினது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

அக்கரைப்பற்று நானா:
தம்பி, நீளத்தை அளந்து பாருங்க, 56 மில்லிமீட்டர் வந்தால் திரீ நாட் திரீதான் (.303 அங்குல ரவை), பிரித்தானியப் படையின் லீ என்ஃபீல்ட் துவக்கினது. கே என்றால் இங்கிலாந்தின் கைனொக் கம்பனி, 1942 செய்த வருஷம், ஏழு என்பது 1910இல் வந்த கூர்முனை ரவை, எடை 174 கிரெய்ன், கிட்டத்தட்ட 11 கிராம். அந்த ரவையின் முனைக்குள் ஈயம் இல்லை, பெரும்பாலும் அலுமினியம். பாரம் பின்பக்கம் இருப்பதால் உடம்பில் பட்டதும் புரளும், காயம் அவ்வளவு மோசமாக இருந்ததற்கு அதுதான் காரணம்.

பித்தளைப் பைத்தியம்:
நானா சொன்னது சரி. ஆனால் பிரென் இயந்திரத் துவக்கிலும் இதே ரவைதான், அதனால் லீ என்ஃபீல்டில்தான் சுட்டது என்று கோதை மட்டும் வைத்துச் சொல்ல ஏலாது. அந்த விளிம்பு ஒரு கரைச்சல்: கிளிப்பில் (ரவைகளைச் சேர்த்துப் பிடிக்கும் தகட்டில்) அடுக்கும்போது மேல் ரவையின் விளிம்பு கீழ் ரவையின் விளிம்புக்குப் பின்னால் போய்விட்டால் மேகசினில் (துவக்கின் ரவைப் பெட்டியில்) சிக்கி இறுகிவிடும். ஜெர்மன்காரரின் மௌசர் துவக்கின் ரவையில் விளிம்பு வெளியே தள்ளாது, இந்தத் தொல்லையும் இல்லை.

அக்கரைப்பற்று நானா:
பொலிஷ் போட்டுத் தேய்க்காதீங்க, எழுத்து அழிந்துவிடும். அப்புறம், பெட்டிக்குள் ரவையோடு முழுசாக ஏதும் கிடந்தால் தொடாமல் பொலிசுக்குச் சொல்லுங்க.