பழைய காரில் கூலன்ட் குறைகிறது, கசிவு தெரியவில்லை: உதவுங்கள்

நண்பர்களுக்கு வணக்கம். அப்பா ஓட்டிய 1998ஆம் ஆண்டு பெட்ரோல் கார் இப்போது என்னிடம் இருக்கிறது. அதை விற்க மனமில்லை. நெடுஞ்சாலையில் ஓடும்போது வெப்பநிலை முள் பாதியிலேயே நிற்கிறது. நெரிசலில் சிக்கினால் மெல்ல மேலேறுகிறது. ரேடியேட்டர் விசிறி சுழல்கிறது, தெர்மோஸ்டாட் புதியது. ஆனாலும் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) குறைந்துகொண்டே வருகிறது. வண்டிக்கு அடியில் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை.

எஞ்சின் ஆயில் மூடியின் உட்புறத்தில் பால் கலந்தது போன்ற வெளுப்பு இல்லை. சைலன்சரில் வெண்புகையும் வரவில்லை. வாட்டர் பம்ப்பின் அடியில், பெல்ட்டை ஒட்டி, பச்சையாகக் காய்ந்த தடம் மட்டும் தெரிகிறது. சூட்டில் கசிந்து, தரையைத் தொடுவதற்குள் ஆவியாகிவிடுகிறது என்றே நினைக்கிறேன்.

மெக்கானிக் நேராக ஹெட் கேஸ்கெட்டை (எஞ்சினின் மேல்பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் இடையில் கசிவைத் தடுக்கும் தகடு) மாற்றச் சொல்கிறார். எஞ்சினைப் பிரிக்கும் பெரிய வேலை அது. வெளுப்பு, வெண்புகை என்று அதற்கான அறிகுறி எதுவும் இல்லாமல் அதில் இறங்க எனக்கு ஒப்பவில்லை. முதலில் கூலிங் சிஸ்டத்துக்கு பிரஷர் டெஸ்ட் (அழுத்தம் கொடுத்துக் கசிவைக் கண்டுபிடிக்கும் சோதனை) செய்வதுதானே முறை? ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங் தளர்ந்தாலும் அழுத்தம் நிற்காமல் கூலன்ட் வெளியேறும். அதையும் இப்போதே மாற்றிவிடலாமா? வாட்டர் பம்ப்புடன் டைமிங் பெல்ட்டையும் (எஞ்சின் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயங்க வைக்கும் பெல்ட்) சேர்த்து மாற்றியவர்கள் இருந்தால், உங்கள் அனுபவத்தைத் தயவுசெய்து விரிவாக எழுதுங்கள்.