முடியும் குட்டை, மூக்கும் குட்டை: எக்ஸாட்டிக் ஷார்ட்ஹேர் வளர்ப்போர் அனுபவங்கள்

பெரம்பூர், சென்னை

பெர்சியன் பூனைக்குச் சிக்கெடுத்தே கை ஓய்ந்தவர்கள் அடுத்துத் தேடுவது எக்ஸாட்டிக் ஷார்ட்ஹேரைத்தான். அதே உருண்டை முகம், அதே சப்பை மூக்கு, முடி மட்டும் குட்டை. அமெரிக்காவில் பெர்சியனோடு அமெரிக்கன் ஷார்ட்ஹேரைக் கலந்து உண்டாக்கிய இனம். 1967ல் அங்குள்ள சிஎஃப்ஏ என்ற பூனை வளர்ப்போர் சங்கம் இதைப் போட்டிகளுக்கு ஏற்றுக்கொண்டது. "சோம்பேறிகளின் பெர்சியன்" என்று ஒரு பட்டப்பெயரும் உண்டு. பட்டம் கொடுத்தவர் ஒரு நாளும் அதன் முகத்தைத் துடைத்திருக்க மாட்டார் என்பது என் கட்சி.

எங்கள் பூனை ஜமீனுக்கு முடி வேலை வாரத்துக்கு இரண்டு தடவை சீப்பு போடுவதோடு சரி. (உள்முடி அடர்த்தி அதிகம். கறுப்புச் சேலை கட்டுபவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.) முகத்து வேலை தினமும் உண்டு. முகம் அமுங்கியிருப்பதால் கண்ணீர்க் குழாய் உள்ளே மடங்கிப்போய், மூக்குக்குள் இறங்க வேண்டிய நீர் கன்னத்தில் வழிகிறது. காய்ந்தால் துரு நிறத்தில் கறை. கவனிக்காமல் விட்டால் மூக்கோரத்து மடிப்பில் ஈரம் தங்கிப் புண்ணாகி நாற்றமடிக்கும். கொதிக்கவைத்து ஆறின தண்ணீரில் பஞ்சை நனைத்து, கண்ணுக்கு ஒரு பஞ்சாகத் துடைக்கிறேன். அப்புறம் உலர்ந்த துணியால் மடிப்பை ஒற்றியெடுக்க வேண்டும். பலர் ஈரத்தோடு விட்டுவிடுகிறார்கள். அதற்குத் துடைக்காமலேயே இருக்கலாம்.

போன கோடையில் ஒரு கண்ணை மட்டும் இடுக்கியபடியே திரிந்தான். டாக்டர் சாயச் சொட்டு விட்டுப் பார்த்து, கருவிழியில் கீறல் என்றார். இந்த இனத்துக்கு விழி வெளியே தள்ளியிருக்கும், சிலவற்றுக்குத் தூக்கத்தில்கூட இமை முழுசாக மூடாது. கீறல் ஆறாமல் நீடித்தால் அந்த இடம் கருகிக் கரும்பழுப்புத் திட்டாகிவிடும், பெரும்பாலும் அறுவை செய்துதான் எடுப்பார்கள். அதனால் பூனை கண்ணை இடுக்கினால் அன்றைக்கே காட்டிவிடுங்கள். வீட்டில் மிச்சம் கிடக்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தை மட்டும் விட்டுவிடாதீர்கள், கீறல் இருந்தால் அது கண்ணையே கெடுத்துவிடும்.

மற்றவர்கள் வீட்டில் எப்படி?

கோவை

எங்களுக்குச் சாப்பாட்டில்தான் வேடிக்கை. வாங்கி வந்த புதிதில், ஆழமான கிண்ணத்தில் போட்டால் எங்கள் பூனை புட்டு முகத்தைப் புதைத்துவிட்டு மூச்சு வாங்க வெளியே வருவாள். பாதி உலர் உணவு தரையில் கிடக்கும். பசியில்லை என்று மாமியார் தீர்ப்பே சொல்லிவிட்டார்கள். கூர்ந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. மூக்குள்ள பூனை பல்லால் கவ்வும். இது நாக்கின் அடிப்பக்கத்தால் ஒட்டியெடுக்கப் பார்க்கிறது, உருண்டையாக இருந்தால் நழுவி ஓடுகிறது. விளிம்பு தாழ்ந்த எவர்சில்வர் தட்டுக்கு மாற்றி, தட்டையான துண்டுகளாக வரும் உணவு வாங்கினோம். தரை சுத்தமாகிவிட்டது. பிளாஸ்டிக் கிண்ணத்தை ஒழித்த பிறகு தாடையில் வந்த கரும்புள்ளியும் குறைந்தது.

கீழ்த்தாடை முன்னே நீண்டு பல் வரிசை தப்பியிருப்பதால் பல்லிடுக்கில் உணவு தங்கும். பல்லையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மதுரை

பெரம்பூர் சார் வெயிலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே. எங்கள் ஊரில் அதுதான் முதல் பிரச்சினை.

எங்கள் பூனை மைனர் குட்டியிலிருந்தே குறட்டை விடுவான். வருகிறவர்கள் எல்லாம் செல்போனில் பதிவுசெய்துகொண்டு போவார்கள். இணையத்திலும் அந்த மாதிரி வீடியோ கொட்டிக் கிடக்கிறது, எல்லோரும் சிரிக்கிறார்கள். கருத்தடைக்குக் கொண்டுபோனபோது டாக்டர் சிரிக்கவில்லை. டார்ச் அடித்து மூக்கைக் காட்டினார். துவாரம் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கீற்று. "இவன் தூங்கும்போது குறட்டை விடலம்மா, மூச்சுக்குப் போராடறான்" என்றார். மேலண்ணத்தின் பின்பக்கச் சதையும் சில பூனைகளுக்கு நீண்டு தொண்டையை மறைக்குமாம். மூக்குத் துவாரத்தை அகலமாக்கும் அறுவையை அதே மயக்கத்தில் செய்துவிடலாம் என்றார், சம்மதித்தோம். சப்பை மூக்குப் பூனைக்கு மயக்கம் தெளிகிற நேரம்தான் கண்டம் என்று, மூச்சுக்காகத் தொண்டையில் செருகிய குழாயைக் கடைசிவரை எடுக்காமல் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டார்கள். இப்போது ஓடுகிறான், அலமாரி ஏறுகிறான். இந்த இனமே மந்தம் என்று நாங்கள் நினைத்ததில் பாதி காற்றில்லாத மந்தம்தான்.

அயர்ந்து தூங்கும்போது மார்பு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். நிமிடத்துக்கு 30ஐத் திரும்பத் திரும்பத் தாண்டினால் டாக்டரிடம் போங்கள். வாயைத் திறந்து மூச்சு விட்டால் எண்ணிக்கொண்டிருக்காமல் கிளம்புங்கள். நாய் இளைப்பது போலப் பூனை சும்மா இளைக்காது.

சித்திரை மாதத்தில் மின்வெட்டு வந்தால் எங்கள் ஏற்பாடு: குளியலறைத் தரை, ஈரத் துண்டு, பல இடத்தில் தண்ணீர்க் கிண்ணம். பூனைக்கு வியர்ப்பது பாதத்தில்தான் என்பதால் ஃபேன் மட்டும் போதாது. உடம்பைத் துண்டால் லேசாக ஈரமாக்கிவிட்டு ஃபேன் போட்டால் குளிர்ச்சி பிடிக்கும்.

திருச்சி

மதுரை அக்கா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: வாங்கும்போதே மூக்கைப் பாருங்கள். பிரிட்டனின் ஜிசிசிஎஃப் என்ற பூனைச் சங்கத்து விதிப்படி மூக்கு நுனியில் முடியில்லாத தோலின் மேல்விளிம்பு கண்ணின் கீழ்விளிம்புக்கு மேலே போகக் கூடாது. நம்மூரில் விற்பவர்கள் தலைகீழ். மூக்கு எவ்வளவு மேலேயோ விலை அவ்வளவு மேலே, "பஞ்ச் ஃபேஸ்" என்று தனி ரேட்.

இரண்டாவது, பிகேடி. சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வளரும் பரம்பரை நோய். பெர்சியன் ரத்தத்தோடு வந்தது. தாய் தகப்பனில் ஒன்றிடம் அந்த மரபணு ஒற்றைப் பிரதியாக இருந்தாலே குட்டிக்கு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. நடுவயது வரை வெளியே தெரியாது, தெரியும்போது கிட்னி பாதி போயிருக்கும். கன்னத்தின் உட்புறத்தைத் தடவியெடுத்து டிஎன்ஏ சோதனை செய்துவிடலாம். நான் கேட்டபோது விற்பவர், "வாக்ஸின் கார்டு இருக்கு சார், வேற என்ன வேணும்?" என்றார். தடுப்பூசிக்கும் கிட்னிக்கும் என்ன சம்பந்தம்? வேறு இடம் பார்த்தேன்.

இன்னொரு பஞ்சாயத்தும் நடந்தது. தெரிந்தவர் வீட்டில் இரண்டும் சுத்த எக்ஸாட்டிக், போட்ட குட்டிகளில் ஒன்று நீள முடி. ஆண் பூனைக்காரர் மேல் சந்தேகம், பேச்சுவார்த்தை நின்றுபோனது. பாவம், அவர் மேல் தப்பில்லை. குட்டை முடி மரபணு ஓங்கியது, நீள முடி அடங்கியது. இரண்டு பெற்றோரும் நீள முடியை மறைவாகச் சுமந்தால் நாலில் ஒரு குட்டி அப்படிப் பிறக்க வாய்ப்பு உண்டு.

சிங்கப்பூர்

இங்கே 2024 செப்டம்பர் 1 முதல்தான் எச்டிபி என்கிற அரசு அடுக்குமாடி வீடுகளில் பூனைக்குச் சட்டப்படி அனுமதி. வீட்டுக்கு இரண்டு, மைக்ரோசிப்பும் உரிமமும் கட்டாயம். ஊருக்குக் கொண்டுபோகலாமா என்று விசாரித்தேன். சப்பை மூக்கு என்றதும் பல விமான நிறுவனங்கள் சரக்கறையில் ஏற்ற மறுக்கின்றன, வெப்பத்தில் மூச்சு முட்டும் என்பதால். தீபாவளிக்கு நாங்கள் ஊருக்கு வந்தால் தோழி வீட்டில்தான் விட்டுவிட்டு வருகிறோம்.

வேலூர்

அண்ணா, அக்கா, நான் இன்னும் வாங்கவில்லை. மொட்டை மாடிக்குக் கீழே ஒற்றை அறை, ஏசி கிடையாது. காலையில் எட்டு மணிக்குப் போனால் இரவுதான் திரும்புவேன். வாங்கலாமா?

பெரம்பூர், சென்னை

வேண்டாம் தம்பி. வேலூர் வெயிலில் பூட்டிய அறைக்குள் மூக்கில்லாத பூனையை விட்டுவிட்டுப் போகக் கூடாது. பூனைதான் வேண்டுமென்றால் உங்கள் தெருவிலேயே நாட்டுப் பூனைக் குட்டி கிடைக்கும். அதற்கும் நிழல், தண்ணீர், ஜன்னல் காற்று வேண்டும், ஆனால் மூச்சு விட உங்கள் உதவி வேண்டாம். ஏசி வந்து, பகலில் வீட்டில் ஆளும் இருக்கும் காலத்தில் எழுதுங்கள், எந்தெந்தச் சோதனைச் சீட்டு கேட்டு வாங்க வேண்டும் என்று திருச்சி நண்பர் சொல்லுவார்.